பால் பைத்தான் குட்டி: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: டாலஸ் பக்கம் இருக்கிறோம். 13 வயது மகளுக்கு முதல் பாம்பாக ஒரு பால் பைத்தான் குட்டி வாங்க எண்ணம். மூன்று விளம்பரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்: பனானா ஸ்பைடர் ஆண், பாஸ்டல் 66 சதவீத ஹெட் கிளவுன் பெண், பைபால்ட் ஆண். மூன்றும் இந்த ஆண்டுக் குட்டிகள். எதை எடுக்கலாம்? நல்ல குட்டி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

ஸ்பைடரை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டில் எது தானாகச் சாப்பிடுகிறதோ, எதன் முதுகெலும்பு நேராக இருக்கிறதோ அதை எடுங்கள். இரண்டுமே அப்படி இருந்தால் பைபால்ட். ஏன் என்பதுதான் நீளமான பகுதி.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘பால்’ என்பது இங்கே பந்து. பயந்தால் தலையை நடுவில் புதைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும் என்பதால் அந்தப் பெயர். பிரிட்டனில் ராயல் பைத்தான் என்பார்கள். ஊரிலிருந்து வரும் பாட்டி ‘பால் வைத்தாயா?’ என்று கேட்கக்கூடும், வைக்காதீர்கள். எந்தப் பாம்புக்கும் பால் ஆகாது. கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளில் எலி வளைக்குள் வாழும் சிறிய மலைப்பாம்பு இது. பெண் நான்கு முதல் ஐந்து அடி, ஆண் மூன்று, மூன்றரை அடி. வீட்டில் 20, 30 ஆண்டுகள் சாதாரணமாக வாழும். செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 60 வயதைத் தாண்டிய ஒரு பெண் பாம்பு 2020-இல் முட்டையிட்டது. உங்கள் மகள் கல்லூரிக்குப் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வது என்பதை இப்போதே பேசி வைப்பது நல்லது.

ஸ்பைடர், பாஸ்டல், பைபால்ட் எல்லாம் மார்ஃப் பெயர்கள். மார்ஃப் என்பது நிறமோ கோலமோ மாறிய மரபணு வகை. 1992-இல் வளர்ப்பாளர் பாப் கிளார்க் கூண்டிலேயே அல்பினோ பால் பைத்தானைப் பெருக்கிக் காட்டினார். 1997-இல் பீட்டர் கால் என்ற வளர்ப்பாளர் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பைபால்டைக் காட்டினார். ஒரு குட்டி ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்ற காலம் அது. இன்று அதே பைபால்டை ஒரு சராசரிக் குடும்பமே வாங்கலாம். விலை இறங்கியது நல்லதுதான், ஆனால் அதனால் வந்த ஒரு சிக்கலும் இருக்கிறது. அடையாளத்துக்காக இரண்டு, மூன்று, நான்கு மரபணுக்களைச் சேர்த்துப் பெரிய பெயர் வைத்து விற்கிறார்கள். அந்த நீண்ட பெயருக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும்.

உங்கள் முதல் விளம்பரத்துக்கு வருவோம். ஸ்பைடர் மரபணு உள்ள பாம்பு எல்லாவற்றுக்கும் தலை ஆட்டம் உண்டு. சிலவற்றில் இரை பிடிக்கும்போது மட்டும் தெரியும். சிலவற்றில் தலை திருகிக்கொண்டு மேல் நோக்கிப் போகும், குறிதவறிக் காற்றைக் கடிக்கும், மல்லாந்து போனால் நிமிரத் தெரியாது. உள்காதின் சமநிலை உறுப்பு கோணலாக உருவாவதுதான் காரணம் என்று 2022-இல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது. ‘எங்கள் வரிசையில் ஆட்டம் இல்லை’ என்று விற்பவர் சொன்னால் ‘இன்னும் பார்க்கவில்லை’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியில் இலேசாக இருப்பது பெரியதானால் கூடலாம், இடம் மாறினால் கூடலாம், சூடு அதிகமானாலும் கூடும். அழகில் குறைவில்லை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் பாம்பாக, ஒவ்வொரு முறை சாப்பிடும்போதும் தடுமாறுகிற ஒன்றைக் கொடுக்க வேண்டாம்.

ஸ்பைடர் என்ற சொல் விளம்பரத்தில் இல்லாமலும் வரும். பெயரின் கடைசியில் ‘பீ’ இருந்தால் அநேகமாக உள்ளே ஸ்பைடர் இருக்கிறது: பம்பிள்பீ என்பது பாஸ்டலும் ஸ்பைடரும், கில்லர்பீ என்பது சூப்பர் பாஸ்டலும் (‘சூப்பர்’ என்றால் அதே மரபணுவின் இரண்டு பிரதி) ஸ்பைடரும், ஹனிபீ என்பது கோஸ்டும் ஸ்பைடரும். ஸ்பின்னர் என்றால் ஸ்பைடரோடு பின்ஸ்டிரைப். இதே போலத் தலை ஆட்டம் தரும் மற்றவை வோமா, ஹிட்டன் ஜீன் வோமா, ஷாம்பெய்ன், சூப்பர் சேபிள். இவற்றில் இரண்டை ஒரே குட்டியில் சேர்த்தால் நிலைமை மோசம், முட்டையிலேயே சாவதும் உண்டு.

ஆட்டம் இல்லாத வேறு குறைகளும் மார்ஃபோடு ஒட்டி வரும். கேரமல் அல்பினோவில் முதுகெலும்பு முறுக்கிக்கொள்வது அதிகம். சூப்பர் சின்னமன், சூப்பர் பிளாக் பாஸ்டல் குட்டிகளுக்கு வாத்து அலகு போலத் தட்டையான மூக்கும் சில சமயம் முதுகு வளைவும் வரும். லெஸ்ஸர், பட்டர் இரண்டும் சேர்ந்த வெள்ளைக் குட்டிக்கு, அதாவது நீலக்கண் லூசிஸ்டிக்குக்கு, கண் பிதுங்கி இருக்கலாம். இந்தப் பட்டியல்களில் பைபால்ட், பாஸ்டல், கிளவுன், சாதாரண அல்பினோ ஆகியவை இல்லை. முதல் பாம்புக்கு நான் சொல்லும் பெயர்களும் இவைதான்.

இரண்டாவது விளம்பரத்தில் இருக்கும் ‘66 சதவீத ஹெட் கிளவுன்’ புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம். கிளவுன் ஒடுங்கு மரபணு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் கோலம் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் அது ஹெட், பார்க்க எந்த வித்தியாசமும் இருக்காது. இரண்டு ஹெட் பாம்புகளை இணைத்தால் நான்கு குட்டிக்குச் சராசரியாக ஒன்று கிளவுன், இரண்டு ஹெட், ஒன்று எதுவும் இல்லாதது. கிளவுனைத் தனியே எடுத்துவிட்டால் மீதி மூன்றில் எந்த இரண்டு ஹெட் என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் மூன்றுக்கும் ‘66 சதவீதம்’ என்று சீட்டு ஒட்டுகிறார்கள். அது குட்டிக்குள் இருக்கும் கிளவுனின் அளவல்ல, குட்டிக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு மட்டும். ஒரு ஹெட்டும் எதுவும் இல்லாத பாம்பும் இணைந்தால் 50 சதவீதம். ஒரு பெற்றோர் கண்ணுக்குத் தெரியும் கிளவுனாக இருந்தால் மட்டுமே கிளவுன் அல்லாத எல்லாக் குட்டியும் 100 சதவீத ஹெட்.

நீங்கள் வளர்க்க மட்டும் வாங்குகிறீர்கள், பெருக்குவதற்கு அல்ல. அப்படியானால் அந்த 66 உங்களுக்குப் பூஜ்யம்தான். சாதாரண பாஸ்டல் பெண்ணுக்கு என்ன விலையோ அதை மட்டும் கொடுங்கள். பிற்காலத்தில் பெருக்கும் எண்ணம் இருந்தால், குட்டி உரித்த சட்டையை மரபணுச் சோதனைக்கு அனுப்பி முடிவைக் காட்டச் சொல்லுங்கள். கிளவுனுக்கு இப்போது அந்தச் சோதனை உண்டு. 66-ஆக இருந்தது ஒன்று 100 ஆகும், இல்லையென்றால் 0 ஆகும். நேர்மையான வளர்ப்பாளர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

ஒரே பெயருள்ள இரண்டு குட்டிகளுக்கு ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்றும் கேட்பீர்கள். மார்ஃப் பெயர் மரபணுவைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. பாஸ்டலில் பல தலைமுறை தேர்ந்தெடுத்த வரிசையின் மஞ்சள் பெரியதான பிறகும் நிற்கும். கண்டபடி இணைத்த வரிசை குட்டியில் எலுமிச்சை போல மின்னி இரண்டு வயதில் பழுப்பாகிவிடும். இதை ‘பிரவுன் அவுட்’ என்பார்கள். பனானாவில் வயது ஏற ஏற கருப்புப் புள்ளிகள் விழும், அது நோயல்ல, இயல்பு. வெள்ளி நிறத்தில் பிறக்கும் ஆக்சாந்திக்கில் சில வரிசைகள் பழுப்பாகும். அதனால் குட்டியின் படத்தைவிடத் தாய் தந்தையின் இன்றைய படம் முக்கியம். பைபால்டில் வெள்ளை எவ்வளவு என்பது சுவை மட்டுமே. வெள்ளை அதிகமுள்ள பெற்றோருக்கு வெள்ளை குறைந்த குட்டியும் பிறக்கும், அதிக வெள்ளைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் உடல்நலத்துக்கு எதையும் சேர்க்காது.

படங்களை அப்படியே நம்பவும் கூடாது. சட்டை உரித்த அன்று, கருப்புத் துணிமேல் வைத்து, பிளாஷ் போட்டு எடுத்தால் எந்தப் பாம்பும் நகைக்கடை விளம்பரம் போலத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின்மேல், யாருடைய கையோ பக்கத்தில் இருக்க, முப்பது வினாடி வீடியோ கேளுங்கள். கையின் தோல் நிறம் இயல்பாகத் தெரிந்தால் பாம்பின் நிறமும் உண்மை. அதே வீடியோவில் குட்டி தலையைத் தூக்கி நகர்வதையும் பார்த்துவிடலாம்.

இனி நிறத்தை மறந்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வாருங்கள். பால் பைத்தான் குட்டி வாங்கியவர்கள் சொல்லும் முறையீட்டில் முதலிடம் ‘சாப்பிட மாட்டேன் என்கிறது’ என்பதுதான். முட்டையிலிருந்து வரும் குட்டி பொதுவாக 50 முதல் 80 கிராம் இருக்கும். ஓரிரு வாரத்தில் முதல் சட்டை உரிக்கும், அதன் பிறகே முதல் இரை. குறைந்தது ஐந்து முறை, முடிந்தால் எட்டு பத்து முறை, தானாகப் பிடித்துத் தின்றிருக்க வேண்டும். இந்தத் ‘தானாக’ என்ற சொல்லை அழுத்திக் கேளுங்கள். தின்னாத குட்டியின் வாயில் இரையை வைத்துத் தள்ளிவிட்டு அதையும் கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். என்ன இரை (எலிக்குஞ்சா, சுண்டெலியா), உயிரோடா உறையவைத்து உருக்கியதா, எந்தத் தேதிகளில், எத்தனை நாளுக்கு ஒரு முறை: இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உருக்கிய எலிக்குப் பழகிய குட்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். உயிரெலியை மட்டும் தின்னும் குட்டியை மாற்றப் பல வாரம் ஆகலாம், வீட்டில் உயிரெலி வாங்கி வைக்க யாருக்கும் பிடிப்பதில்லை.

எடையும் வயதும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆறு மாதக் குட்டி இன்னும் 70 கிராமில் நின்றால், எந்த நிறமாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் 100 கிராமைத் தொட்டது நன்றாகத் தின்கிறது என்று பொருள்.

நேரில் பார்க்க முடிந்தால் அதற்கு ஈடில்லை. உங்களுக்கு ஆர்லிங்டனில் நடக்கும் என்ஏஆர்பிசி ஊர்வனக் கண்காட்சி பக்கம்தான். ஒரு மேசையிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் கையில் சானிடைசர் தடவுங்கள். உங்கள் கையே நோயைச் சுமந்துபோகும் வண்டி. கைப்பேசியில் டார்ச் இருக்கட்டும், ஒரு வெள்ளை டிஷ்யூவும் வேண்டும்.

குட்டியைக் கையில் வாங்கியதும் முதலில் அது என்ன செய்கிறது என்று சும்மா பாருங்கள். விரலைச் சுற்றி இறுகப் பிடிக்க வேண்டும். ஈரத்துணி போலத் தொங்கினால் சரியில்லை. பந்தாகச் சுருண்டால் கவலை வேண்டாம், அதன் சுபாவம் அது. ஒரு நிமிடத்தில் நாக்கை நீட்டத் தொடங்கும். பிறகு கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் முதுகின் இரு பக்கமும் இலேசாக வைத்து, கழுத்திலிருந்து வால் நுனிவரை பாம்பை விரல்களுக்கு இடையே ஓடவிடுங்கள். ஜெபமாலை உருட்டுவது போல ஒரே சீராகப் போக வேண்டும். எங்காவது சிறு மேடு தட்டினால், அல்லது எலும்பு சட்டென்று ஒரு பக்கம் ஒதுங்கினால், அது வளைவு. வால் நுனியை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் ஒளிந்திருப்பது அங்கேதான். அடைகாக்கும் பெட்டியில் சூடு கூடினாலும் இப்படி ஆகும், எனவே ‘நல்ல’ மார்ஃபிலும் வரலாம். முதுகு கூரை முகடு போலக் கூர்ந்து நின்றால் பட்டினி. உருண்டையாக, இலேசாக முக்கோணமாக இருப்பது சரி.

அடுத்து மெதுவாக மல்லாத்துங்கள். ஆரோக்கியமான குட்டி உடனே புரண்டுவிடும். தாமதமானாலோ தலை மட்டும் வானத்தைப் பார்த்து நின்றாலோ நரம்புக் கோளாறு என்று கொள்ளுங்கள். மல்லாத்திய நேரத்திலேயே வயிற்றில் தொப்புள் தழும்பு மூடியிருக்கிறதா, வீக்கமோ சிவப்போ உண்டா என்று பார்த்துவிடலாம். அடிச்செதில்கள் செம்பழுப்பாக வெந்தது போல இருந்தால் ஈரத்தில் கிடந்து வந்த புண். கழிவுத் துளையைச் சுற்றி காய்ந்த எச்சம் இருக்கக்கூடாது.

தலைக்கு வாருங்கள். இரண்டு கண்ணும் ஒரே அளவா? ஒன்று சிறியதாக இருப்பது பிறவிக் குறை. கண் சுருங்கிய பாலிதீன் போலத் தெரிந்தால் போன முறை உரித்தபோது கண்ணின் மேல்தோல் கழலவில்லை. இரு கண்ணும் நீலம் பாய்ந்து மங்கியிருந்தால் மட்டும் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அந்த நேரத்தில் நிறத்தையும் மதிப்பிட முடியாது, இரையும் எடுக்காது. ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். மூக்கருகே காதை வைத்துக் கேளுங்கள். சீழ்க்கையோ நீர்க்கொப்பளமோ கூடாது. வாயை விற்பவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், கயிறு போல இழுபடும் எச்சில் இருந்தால் சுவாசத் தொற்று. பைத்தான்களின் சுவாசத்தைத் தாக்கும் நைடோவைரஸ் கிருமி இப்படித்தான் தலைகாட்டும், ஒரு குட்டி கொண்டு வந்தால் வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் பரவும். அதற்கு வாய்த் துடைப்பு எடுத்துச் செய்யும் பிசிஆர் சோதனை உண்டு. எத்தனை பாம்புகளைச் சோதித்தார்கள் என்று பெரிய வளர்ப்பாளரிடம் கேட்பதில் தவறே இல்லை.

கடைசியாக மைட் என்னும் உண்ணி. தாடையின் அடியில் உள்ள மடிப்பு, கண்ணின் ஓரம், உதட்டிலுள்ள வெப்பக் குழிகள், இந்த மூன்றிலும் டார்ச் அடியுங்கள். கசகசா அளவில் கருப்பாக நகரும். பிறகு வெள்ளை டிஷ்யூவால் பாம்பை ஒரு முறை உருவி எடுங்கள். கருப்புப் புள்ளிகள் ஒட்டியிருந்தால், அவற்றை நசுக்கினால் சிவந்தால், அந்த மேசையில் வேறு எதையும் தொட வேண்டாம். பைபால்டில் ஒரு வசதி, வெள்ளைப் பகுதியில் உண்ணி ஒளிந்துகொள்ள முடியாது.

ஒட்டியிருக்கும் சீட்டில் ‘சிபி’, ‘சிஹெச்’ என்ற இரண்டு எழுத்துகளையும் வேறுபடுத்திப் படியுங்கள். சிபி என்றால் கூண்டிலேயே இணைத்துப் பிறந்தது. சிஹெச் என்றால் ஆப்பிரிக்காவில் காட்டுப் பெண் இட்ட முட்டையைப் பொரித்து ஏற்றுமதி செய்தது. நெடுந்தூரம் பயணித்த குட்டி, உண்ணியும் ஒட்டுண்ணியும் தின்னாமையும் கூடவே வரும். மலிவாகக் கிடைக்கும் சாதாரண நிறக் குட்டிகளில் இவை கலந்திருக்கும். சிபி மட்டும் எடுங்கள்.

ஆணா பெண்ணா என்பதில் அதிகம் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆண் சிறியதாக நின்றுவிடும், ஆனால் குளிர்கால இனப்பெருக்கப் பருவத்தில் சில மாதம் இரை மறுக்கும். பெண் பெரிதாகும், விலையும் கூடும். வளர்ப்புக்கு இரண்டும் ஒன்றே.

தபாலில் வரவழைத்தால் அமெரிக்க அஞ்சல் துறை பாம்பை ஏற்காது, தனியார் கூரியரில் மறுநாள் சேரும் வகையில்தான் வரும். டாலஸ் ஆகஸ்டு வெயிலில் வீட்டு வாசலில் பெட்டி கிடக்கவே கூடாது. கூரியர் அலுவலகத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லி நீங்களே போய் எடுங்கள். உயிரோடு சேருவதற்கான உத்தரவாதம் எத்தனை மணிநேரத்துக்கு என்று முன்பே படித்து வையுங்கள். பெட்டி திறப்பதை வீடியோ எடுங்கள்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் பால் பைத்தான் இருக்கிறது. இந்தியாவில் 2022-இல் திருத்திய வனவிலங்குச் சட்டமும் 2024 விதிகளும் இதை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்கின்றன. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் சுருட்டி வந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் குட்டிகளின் உடன்பிறப்புகள்தான் ரகசியமாக விற்கப்படுபவை, காகிதம் இல்லாததைத் தொடாதீர்கள். சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கவே அனுமதி இல்லை.

குட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்பே வீடு தயாராக இருக்கட்டும். பெரிய கண்ணாடித் தொட்டி வேண்டாம், திறந்த வெளி குட்டிக்குப் பயம். உடம்பு நீளம்கூட இல்லாத ஆறு குவார்ட் பிளாஸ்டிக் பெட்டி போதும், மூடி பூட்டும்படி இருக்க வேண்டும். ஒரு பக்கம் 31 முதல் 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26. தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் பேடை இணைக்கவே கூடாது, வயிறு வெந்துபோகும். ஈரப்பதம் 60 சதவீதம், இரண்டு பக்கமும் நெருக்கமான ஒளிவிடம், ஒரு தண்ணீர்க் கிண்ணம். தரையில் பேப்பர் டவல், உண்ணியும் எச்சமும் உடனே தெரியும். வீட்டில் வேறு ஊர்வன இருந்தால் மூன்று மாதம் வேறு அறை.

முதல் ஏழு நாள் தொட வேண்டாம், மகளுக்கு இதுதான் கஷ்டமான வாரம். எட்டாம் நாள் மாலை, விற்பவர் கொடுத்த அதே வகை இரை, குட்டியின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம். 80 கிராம் குட்டிக்கு எட்டு முதல் பன்னிரண்டு கிராம். குளிர்ந்த நீரில் உருக்கி, பிறகு சுடுநீரில் வைத்து மேற்பரப்பு 38 டிகிரியைத் தொட்டதும் துடைத்து, நீண்ட இடுக்கியால் ஒளிவிட வாசலில் காட்டுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் வெடிக்கும். குட்டி எடுக்கவில்லையா, இரையை அகற்றிவிட்டு ஏழு நாள் விடுங்கள், மறுநாளே திரும்பத் திரும்பக் காட்டுவதுதான் பிடிவாதத்தை வளர்க்கும். மூன்று முறை தின்ற பிறகு கையில் எடுக்கத் தொடங்கலாம், இரை எடுத்த இரண்டு நாள் தவிர்த்து. வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை எழுதி வையுங்கள். இரை மறுத்தாலும் எடை நின்றால் வெப்பத்தையும் ஒளிவிடத்தையும் சரிபார்த்துக் காத்திருக்கலாம். வந்த நாள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அந்தக் குறிப்பேட்டையும் விற்பவர் எழுதிக் கொடுத்த இரைக் கணக்கையும் எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.